மொட்டைமாடியில் சிற்பம் எதற்கு?

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடிச் சிற்பத் தோட்டம் 1987-இல் திறக்கப்பட்டது. ஏறியவர்கள் சென்ட்ரல் பார்க்கைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுக்கத்தான் போனார்கள், சிற்பத்தை யார் பார்த்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, கையில் மதுக்கோப்பையோடு நின்ற கூட்டமும் பொய்யல்ல. ஆனால் 2013-இல் லாகூர் ஓவியர் இம்ரான் குரேஷி அந்தத் தளத்தின் மீதே சிவப்பு வண்ணத்தைத் தெளித்து வரைந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ரத்தக்கறை. குனிந்து பார்த்தால் அடுக்கடுக்காக விரியும் இலைகள், நுண்ணோவிய மரபில் பழகிய கையின் வேலை. வேடிக்கை பார்க்க வந்தவரும் அதன் மேல்தான் நடந்தார். வெயிலும் மழையும் அதன் மேல்தான் விழுந்தன. குளிரூட்டிய கூடத்தில் மாட்டியிருந்தால் பாதி வலு போயிருக்கும். சுற்றியுள்ள காட்சி கவனத்தைத் திருடுகிறதென்றால், எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துச் சிற்பத்தைத் தேர்ந்தெடுப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.