இல்லமும் இயந்திரமும்: சிக்கன மேக்கிற்குப் பாகம் தேடுவோர்க்கு



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் கலைந்த பின்னர், கரோல்பாகில் வாழும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு தாளைக் காட்டினார். அவருடைய மைந்தன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். ஐபோனுக்குரிய செயலிகளை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு வேண்டிய எக்ஸ்கோடு என்னும் மென்பொருளோ, ஆப்பிள் நிறுவனத்தாரின் மேக் ஓ.எஸ்ஸில் மட்டுமே இயங்குவது. மேக் வாங்கப் பணம் போதாது. ஆகவே நேரு பிளேஸில் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டி, அதில் மேக் ஓ.எஸ்ஸை ஏற்றிவிடலாம் என்று பையன் பட்டியல் போட்டிருக்கிறான். தகப்பனார் நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். "இதை நம்பிப் பணத்தை எடுக்கலாமா?" என்பது அவர் வினா. இதே வினா வேறு இல்லங்களிலும் எழுந்திருக்கக் கூடுமாதலால், விடையை இங்கேயே எழுதுகிறேன்.

ஹாக்கிண்டாஷ் என்று இத்தகைய பொறிக்குப் பெயர். இது எவ்வாறு இயலுவதாயிற்று? 2006 முதல் ஆப்பிள் தன் மேக் பொறிகளில் இன்டெல் பிராசசரையே அமைத்து வந்தது. கடையில் விற்கும் சாதாரணப் பொறியிலும் அதே இனத்துப் பிராசசர்தான் இருந்தது. ஓப்பன்கோர் என்னும் இலவசத் துவக்க மென்பொருள், நம் பொறியை ஆப்பிள் பொறிபோல் காட்டிவிடுமானால், மேக் ஓ.எஸ். அதில் குடியேறிவிடும்.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. விண்டோஸ் எந்தப் பாகத்தோடும் ஒருவாறு இணங்கிப் போகும், மேக் ஓ.எஸ். தான் அறிந்த பாகத்தோடு மட்டுமே பேசும். வெளியூரில் குடிக்கூலிக்கு வீடு தேடும் நாம், கூடத்தின் அழகைப் பார்க்குமுன் தண்ணீர் வருமா என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோல இங்கும் வேகத்தைக் கேட்குமுன் இணக்கத்தைக் கேட்க வேண்டும். பையனுடைய பட்டியலில் இருந்த பிழை இதுவே. அவன் எழுதியவை ஐ5-12400 பிராசசரும், என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டும். இரண்டும் நல்ல பொருள்களே. ஆனால் அந்தப் பிராசசரின் உள்ளமைந்த கிராபிக்ஸை மேக் ஓ.எஸ். அறியாது, அந்தக் கார்டுக்கு மேக்கில் இயக்கி மென்பொருள் வந்ததே இல்லை. இரண்டையும் வாங்கியிருந்தால், திரையில் முறையாகப் படம் தெரிய வழியில்லாத பொறி ஒன்று வீட்டில் நின்றிருக்கும்.

இணக்கமானவை எவை? பிராசசரில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரை ஏற்றவை. ஆறு கோர் கொண்ட ஐ5-10400 சிக்கனத்துக்கு உகந்தது. அதன் உள்ளேயே யு.எச்.டி. 630 கிராபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்டு இன்றியே தொடங்கலாம். எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த கிராபிக்ஸ் இராது. விலை குறைவென்று அதை எடுத்துவிடாதீர்கள். மதர்போர்டு எல்.ஜி.ஏ. 1200 சாக்கெட் உடையதாக இருத்தல் வேண்டும்.

தனிக் கார்டு வேண்டுவோர் ஏ.எம்.டி. வகையையே நாட வேண்டும். ஆர்.எக்ஸ். 580, ஆர்.எக்ஸ். 6600 ஆகியவை பொருந்தும், ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி., 7000 வரிசை ஆகியவை பொருந்தா. பழைய ஆர்.எக்ஸ். 580 வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: இவ்வகைக் கார்டுகள் பல, 2022 வரை மின்னணு நாணயம் ஈட்டுவதற்காக இரவு பகலாக உழைத்துத் தேய்ந்தவை. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது 185 வாட் உண்ணும். 6600 கார்டுக்கு 132 வாட் போதும். பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் வேண்டா. அது கெட்டால் மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

ராம் 16 ஜி.பி. இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யில் சாம்சங் பி.எம். 981 வகை மேக் ஓ.எஸ்ஸோடு ஒத்துப்போவதில்லை. வைஃபையும் தொல்லை தருவதே. பெரிதும் நம்பப்பட்ட பிராட்காம் கார்டுகளை 2023இல் வந்த சொனோமா பதிப்பு கைவிட்டது. இணையத்திற்குக் கேபிளே நலம்.

இனி, சொல்லாமல் விடத்தகாத இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது: மேக் ஓ.எஸ்ஸை ஆப்பிள் முத்திரையுள்ள பொறியில் மட்டுமே நிறுவலாம் என்பது அதன் உரிம விதி. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் இத்தகைய பொறிகளைச் செய்து விற்கப்போய், 2008இல் வழக்குக்கு ஆளாகி, அடுத்த ஆண்டே தோற்றது. வீட்டில் ஒருவர் தமக்கெனச் செய்துகொள்வதும் விதிக்கு மாறானதே. இதைப் பையன் அறிந்திருக்கவில்லை. அறிந்த பின் முடிவு செய்வதே முறை.

இரண்டாவது: இவ்வழி முடியப்போகும் வழி. 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புகளுக்கு மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் வெளியான டஹோ பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று அந்நிறுவனமே அறிவித்தது. எக்ஸ்கோடின் புதிய பதிப்புகளோ புதிய மேக் ஓ.எஸ்ஸைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே பிழைப்புக்கென்று கற்கும் பிள்ளைக்கு இப்பொறி சில ஆண்டுகளுக்குமேல் கைகொடாது.

என் தீர்ப்பு இதுதான். பொருத்தமான பாகங்கள் ஏற்கெனவே வீட்டில் கிடந்தாலும் அல்லது வேண்டுவது விண்டோஸும் லினக்ஸும் ஓடும் பொதுப்பொறியே ஆனாலும், மேற்சொன்ன பாகங்கள் வீண்போகா. மேக் ஓ.எஸ். நீங்கிய பின்னும் அவை உழைக்கும். ஆனால் மேக்கிற்காக மட்டும் நாற்பதாயிரத்தைக் கொட்ட வேண்டா. எம்4 சிப் கொண்ட மேக் மினி 2024இல் அறிமுகமானபோது விலை ரூ. 59,900, கல்விச் சலுகையில் ரூ. 49,900. திரையும் விசைப்பலகையும் நம்முடையவை. கல்லூரியில் இடம் பெற்ற மாணவரும், அவருக்காக வாங்கும் பெற்றோரும் அச்சலுகைக்கு உரியர்; பள்ளி மாணவர் அல்லர். ஆகவே இன்னும் ஓராண்டு பொறுத்து, இடம் கிடைத்ததும் அன்றைய விலையை விசாரித்து வாங்குதல் உசிதம். துண்டு விழும் தொகையை அதற்குள் சேர்த்துவிடலாம்.

அந்த ஓராண்டு வீணாகுமோ என்று பையன் கவலைப்பட வேண்டியதில்லை. ஐபோன் செயலிகள் எழுதப்படும் ஸ்விஃப்ட் மொழியை ஆப்பிள் 2015இலேயே பொதுவில் வைத்துவிட்டது. அது லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். வீட்டிலுள்ள பழைய பொறியில் இன்றிரவே பாடத்தைத் தொடங்கலாம். மொழி கைவந்தபின், பொறி வந்து சேரும் நாளில் அவன் புதிதாகக் கற்க வேண்டியது குறைவாகவே இருக்கும்.

பட்டியலைத் திருப்பிக் கொடுத்தபோது அன்பர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதே அவர் தயக்கம். அடுத்த கூட்டத்திற்கு அவனையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். தானே முயன்று இணக்கம் தேடிப் பட்டியல் போடத் துணிந்த பிள்ளை அவன். ஒரு பட்டியல் பிழைத்ததனால் அத்துணிவு குன்றிவிடலாகாது.