ஒரு மார்க் கேள்வி



முப்பது வருஷம் வேதியியல் எடுத்தேன். கார்பன் மோனாக்சைடு: நிறமற்றது, மணமற்றது, நச்சு வாயு. நீங்களும் எழுதி ஒரு மார்க் வாங்கினீர்கள். அது வீட்டுக்குள் எங்கே உண்டாகும் என்று நான் ஒருநாளும் சொல்லித் தரவில்லை.

போன வாரம் ஊட்டி போன என் அண்ணன் பேரன் குடும்பக் குழுவில் படம் போட்டான். ஜன்னலெல்லாம் சாத்திய அறை, கட்டிலருகே இரும்புச் சட்டியில் கரி நெருப்பு. உடனே போன் போட்டு, "அதை வெளியே வை, ஜன்னலைத் திற" என்றேன்.

"புகையே இல்லையே தாத்தா!"

புகை இல்லைதான். ஆனால் தணலாகச் சிவந்து கிடக்கும் கரியிலிருந்துதான் இந்த வாயு நிறைய வரும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி வரும். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்ததைப் பேப்பரில் படித்தோமே.

எனக்குக் கோபம் பேரன்மேல் இல்லை, சட்டியைக் கொண்டுவந்து வைத்த விடுதிக்காரர்மேல்தான். உபசாரமாம்! இன்னொரு கம்பளி கொடுத்திருக்கலாம். அறை வாடகை வாங்குகிறவர் இந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றை மாட்டியே ஆகவேண்டும் என்பேன். பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டிதான். சாதாரணப் புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது.

கரண்ட் போனால் கடை ஷட்டருக்குள் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பேரன் அலாரம் ஆர்டர் போட்டுவிட்டானாம். வந்ததும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.