எம்பிஏ விண்ணப்பத்தில் 'ஷேர் டிரேடிங் என் ஹாபி'... எழுதலாமா, கூடாதா?

கேட் தேர்வு முடிந்து ஐஐஎம் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பலருக்கும் வரும் குழப்பம் இது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் வழக்கம்போல கிரிக்கெட், புத்தகம் என்று போடுவதா? இல்லை, உண்மையிலேயே நேரம் செலவிடும் ஷேர் டிரேடிங்கைப் போடுவதா?

தாராளமாகப் போடலாம். ஆனால், லாபத்தைச் சொல்லி அசத்திவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

லாபம் ஏன் எடுபடாது?

இந்தியாவில் டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்ட்டில் 10 கோடியைத் தாண்டின. மூன்றே ஆண்டுகளில் 20 கோடி ஆகிவிட்டன. எனவே, கணக்கு வைத்திருப்பது தனித் தகுதி அல்ல.

'ஒரு வருஷத்தில் 30 சதவீதம் லாபம்' என்பதும் அப்படித்தான். 2023-24 நிதியாண்டில் நிஃப்டி 50 குறியீடே 28 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அந்த ஆண்டில் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவருக்கும் ஏறக்குறைய அதே லாபம்தான். 'அப்படியென்றால் உங்கள் திறமை எங்கே?' என்று கேட்டால் பதில் வேண்டும்.

எஃப் அண்ட் ஓ என்றால் இன்னும் கவனம் தேவை. 2021-22 முதல் 2023-24 வரை இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இது தேர்வுக் குழுவுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

வேலையில் இருப்பவர்களுக்கு...

சந்தை இயங்குவது காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. 'தினமும் இன்ட்ராடே செய்கிறேன்' என்றால், 'ஆபீஸ் வேலையை எப்போது செய்தீர்கள்?' என்ற கேள்வி தானாக வரும்.

அதுமட்டுமல்ல. இன்ட்ராடே, எஃப் அண்ட் ஓ இரண்டையும் வருமான வரிச் சட்டம் தொழில் வருமானமாகவே பார்க்கிறது. ஹாபி என்று எழுதுபவர், வரிக் கணக்கில் அதை எப்படிக் காட்டினார் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் நிதி விவரங்களைக் கையாளும் பொறுப்பில் இருந்தால், சொந்த நிறுவனப் பங்கை வாங்கி விற்க இன்சைடர் டிரேடிங் விதிகளின் கட்டுப்பாடும் உண்டு.

எப்படி எழுதலாம்?

எவ்வளவு சம்பாதித்தார் என்பதைவிட, எப்படி முடிவெடுத்தார் என்பதே ஒரு மேனேஜ்மென்ட் மாணவரைப் பற்றி அதிகம் சொல்லும். ஆண்டறிக்கையைப் படித்து ஒரு பங்கை வாங்கியது, கணிப்பு தப்பியது, எந்த இடத்தில் விற்று வெளியேறினார், அதற்குப் பிறகு தனக்கென்று என்ன விதி வைத்துக்கொண்டார் - இந்த நான்கையும் நேர்மையாகச் சொல்ல முடிந்தால் நஷ்டக் கதைகூட பலம்தான்.

யாரோ கொடுத்த டிப்ஸை வைத்து வாங்கி விற்றது மட்டும்தான் கதை என்றால், கிரிக்கெட்டே போதும்!