எல்லாவற்றையும் அளக்கிறவர்கள் அளக்காத ஒன்று

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றே எண்கள். யானைக்கல் தரைப்பாலத்தில் தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கு அணைக்கட்டு பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். எந்த எண்ணைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மென்பொருள் உலகில் இதே வேலைக்கு 'அப்சர்வபிலிட்டி' என்று பெயர். எங்கோ ஒரு சர்வரில் ஓடும் நிரல் எப்போது திணறுகிறது, எங்கே திணறுகிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கும் கலை. ப்ரோமிதியஸ், யேகர், ஓப்பன்டெலிமெட்ரி, நம் நாட்டிலிருந்தே வந்த சிக்னோஸ் என்று இதற்கான கட்டற்ற மென்பொருள்கள் ஏராளம். இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறவர் ஆனாலும் சரி, அமெரிக்க வங்கி ஆனாலும் சரி, இவற்றை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்கள் பலவற்றில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு 'ரோட்மேப்' வரும். புது டாஷ்போர்டு வரும், புது சேமிப்பு முறை வரும், இப்போதெல்லாம் கட்டாயம் ஏ.ஐ. வரும். படிக்கப் படிக்க வாயூறும், கல்யாண மெனு மாதிரி. சமைப்பது யார் என்று மட்டும் அதில் எங்கேயும் இருக்காது! போன வருடம் அதே பட்டியலில் இருந்த நான்கு அயிட்டங்கள் என்ன ஆயின என்றும் இருக்காது.

அடுத்தவன் நிரல் எத்தனை மில்லிசெகண்டில் பதில் சொல்கிறது என்று அளக்கிற கூட்டம், தன் ஆட்களிடம் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஒரு தடவைகூட அளப்பதில்லை. இதைவிட வேடிக்கை வேறு உண்டா?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஐந்து பேர் ஒரு ப்ராஜெக்டைப் பராமரிக்கிறார்கள், ஆளுக்கு வாரம் 4 மணி நேரம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 வாரம் என்றால் 1000 மணி நேரம். ஒரு முழுநேர ஊழியரின் வருட உழைப்பில் இது பாதிதான். பக் ரிப்போர்ட்டுக்குப் பதில் சொல்வது, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது, அடுத்தவர் அனுப்பிய நிரலைப் படித்துப் பார்ப்பது எல்லாம் போக இதில் மிஞ்சுவது எவ்வளவு? அந்த மிச்சத்தில் 20 புது வசதிகள் என்று எழுதுவது திட்டமா, ஜோசியமா?

"சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்களுக்குத் திட்டம் எதற்கு, மனசுக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுப் போகட்டுமே" என்று ஒரு வாதம் வரும். சம்பளம் இல்லை என்பதால்தான் அந்த 1000 மணி நேரம் தங்கம் ஆகிறது. கம்பெனி தப்பாகத் திட்டம் போட்டால் பணம் போகும். இங்கே ஆளே போய்விடுவார்.

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வருடா வருடம் யாரும் புதுக் கண்மாய் வெட்டுவதில்லை. கோடையில் வண்டல் எடுப்பது, கரையைப் பலப்படுத்துவது, மடையையும் கலுங்கையும் சரிபார்ப்பது, இதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அது கைவிடப்பட்ட ஊர்களில் கண்மாய் என்ன ஆனது என்று கண்ணாலேயே பார்க்கலாம். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. மென்பொருளிலும் வண்டல் சேரும், கண்ணுக்குத்தான் தெரியாது.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லக்கூடாது. யேகர் 2015-ல் ஊபர் நிறுவனத்துக்குள் பிறந்தது, 2017-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பல மொழிகளில் தனக்கென்று எழுதி வைத்திருந்த கிளையன்ட் லைப்ரரிகளை அது கட்டிக்கொண்டு அழவில்லை. அதே வேலையை ஓப்பன்டெலிமெட்ரி செய்கிறது என்றதும் 2022-ல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. 2024 நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பை ஓப்பன்டெலிமெட்ரியின் மேலேயே கட்டியது. எதை நிறுத்தப் போகிறோம் என்று சொல்ல ஒரு ப்ராஜெக்டுக்குத் தைரியம் வேண்டும். ப்ரோமிதியஸும் அப்படித்தான். ஆறு வாரத்துக்கு ஒரு சின்ன வெளியீடு, ஆனால் 2.0-க்கும் 3.0-க்கும் நடுவே ஏழு வருடம் (2017, 2024).

மாணவர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் டி-ஷர்ட்டுக்காக, ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி புல் ரிக்வெஸ்ட் அனுப்பிய கூத்தை யாரும் மறக்க மாட்டார்கள். அதில் நம் நாட்டுக் கல்லூரிகளின் பங்கு பெரியது. பராமரிப்பவர்கள் கதறியதில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் "இந்த வருடம் 500 புதுப் பங்களிப்பாளர்கள்" என்று இலக்கு எழுதுகிற ப்ராஜெக்ட் இதைத்தானே விதைக்கிறது? அந்த ஐந்நூறு பேரில் நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன் திருப்பரங்குன்றத்தில் உட்கார்ந்து பத்து நாள் ராத்திரி முழித்து ஒரு பக்கைச் சரிசெய்து அனுப்புவான். மூன்று மாதம் ஒருவரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவன் திரும்பி வருவானா?

ஆள் தேய்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு எக்ஸ்இசட் கதையே போதும். உலகம் முழுக்க லினக்ஸில் இருக்கும் அந்தச் சின்ன மென்பொருளைக் கிட்டத்தட்ட ஒரே ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சோர்ந்துபோயிருந்தவரை "ஏன் இவ்வளவு தாமதம்" என்று நச்சரித்து நச்சரித்து, உதவ வந்தவன் போல ஒருவன் உள்ளே நுழைந்து கள்ளக் கதவு வைத்தான். 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது எப்படி? எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டதால். அந்த அரை விநாடி கண்ணில் பட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, தன்னால் முடியவில்லை என்று அந்த ஒற்றை மனிதர் மெயிலிங் லிஸ்டில் வெளிப்படையாக எழுதியது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஜனவரியில் ரோட்மேப் எழுதப்படும்போது முதல் வரியில் மணி நேரக் கணக்கு வரட்டும். இரண்டாவதாக, நிறுத்தப் போகும் வேலைகள். மூன்றாவதாக, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர், பெயர் கிடைக்காத வேலைக்குக் கோடு. டாஷ்போர்டெல்லாம் அதற்குக் கீழே இடம் இருந்தால் எழுதிக்கொள்ளலாம்.