ஊரார் பிள்ளையும் நம் பிள்ளையும்

போன இதழில் எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன் அல்லவா? இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். ஊறுகாயைவிடப் பக்குவமாகக் கையாள வேண்டிய சங்கதி இது. நம் பக்தியை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது? நாங்கள் கிறிஸ்தவர்கள். அதனால் என் கதையில் ஜெபமும் சங்கீதமும் வரும். உங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம். தாய்மாரின் கவலை எல்லா வீட்டிலும் ஒன்றுதானே, சகோதரிகளே!

என் அப்பா லுத்தரன் சபையில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 70. அம்மாவுக்கு 66. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலேசியாவிலுள்ள ஒரு தமிழ்ச் சபையிலிருந்து, "போதகர் இல்லாமல் கஷ்டப்படுகிறோம், கொஞ்ச காலம் வந்து இருங்கள்" என்று அழைப்பு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் கப்பலேறிப் போனபோது, லுத்தரன் குடும்பங்களும் அவர்களோடு போயின. போன இடத்தில் கோயில் கட்டிக்கொண்டார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1924-ல் கட்டிய சீயோன் ஆலயம் இன்றைக்கும் இருக்கிறது. அப்பாவை அழைத்ததோ ஒரு சின்ன டவுனில் இருக்கும் சின்னச் சபை.

அவர்கள் கிளம்பிய சமயம் எங்கள் வீடு சரியாக இல்லை. என் நாத்தனார் புற்றுநோயில் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு 38 வயது. என் மூத்தவனுக்கு அத்தை என்றால் உயிர். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. ஆறு மாதம் ஒரு ராத்திரி விடாமல் அவளுக்காக ஜெபம் பண்ணினான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்கம்மா" என்றான். திடப்படுத்தல் வகுப்புக்கும் போக மாட்டேன் என்றுவிட்டான். நானும் அவனிடம், "கடவுள் சித்தம், அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லி வாயை அடைத்தேன். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டு நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அது அவனுக்குத் தெரியாது.

இந்த நிலையில் பெற்றவர்கள் பெட்டி கட்டினால் எப்படி இருக்கும்? "அங்கே யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ வேதம் சொல்லிக்கொடுக்கப் போறீங்க. இங்கே சொந்தப் பேரன் கைவிட்டுப் போறானே!" என்று கேட்டேவிட்டேன். அம்மா நிதானமாக, "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்டி" என்றாள்.

"பழமொழிக்கு என்னம்மா, அது பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிடும்" என்றேன். விமான நிலையத்தில்கூட நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஊர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே ராத்திரி ஏழரை என்றால் இங்கே சாயங்காலம் ஐந்து. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குத் தினமும் வீடியோ கால் வரும். நான் போனை மகன் கையில் திணித்து, "அப்பா, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்பேன். அப்பாவோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். டுரியான் பழத்தின் நாற்றத்தை வர்ணிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டதற்கு, "நீ கூப்பிட்டதும் வந்து மிரட்டறதுக்கு நான் போலீஸ்காரன் இல்லம்மா" என்றுவிட்டார்.

அம்மா அங்கே ஞாயிறு பள்ளி எடுத்தாள். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் மலாய் மொழிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத்தான் தெரியாது. அம்மா என்ன செய்தாள் தெரியுமோ? தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, விரலால் அ, ஆ எழுத வைத்தாள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் இப்படித்தான் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்று என் சின்னவளிடம் போனில் சொன்னாள். மறுநாளே என் தாம்பாளமும் ரவையும் கூடத்துக்குப் போய்விட்டன! எட்டு வயதுக் குட்டி, பாட்டிக்கு உதவி டீச்சராம். பெரிய எழுத்தில் அட்டை எழுதிப் படம் பிடித்து வாராவாரம் அனுப்பினாள்.

மூத்தவன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சபையில் ஒரு பாட்டியம்மா, வயது 84. சிறு பெண்ணாக இருந்தபோதிலிருந்து பால்மரம் சீவிப் பிழைத்தவர். ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாக மாறினதும், டவுனில் மாடி வீட்டுக்கு வந்துவிட்டார். கண் பார்வை போய்விட்டது. வேதம் வாசிக்க முடியவில்லையே என்பதுதான் அவருடைய குறை.

அப்பா ஒரு நாள் மகனிடம், "டேய், எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். தினமும் அந்த வீட்டு மாடி ஏற என் முழங்கால் விட மாட்டேங்குது. தினம் ஒரு சங்கீதம் வாசிச்சு வாட்ஸ்அப்பில் அனுப்புறியா? நீ நம்பித்தான் வாசிக்கணும்னு இல்லை. திருத்தமா வாசிச்சாப் போதும்" என்றார்.

கண் தெரியாத கிழவிக்கு எப்படி மாட்டேன் என்பான்? கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாசிப்பான். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடுவேன். பாட்டியம்மா பதிலுக்கு, "ராசா, இன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் படிச்சிட்டேப்பா" என்று குரலில் அனுப்புவார். அவன் மறுபடி நிறுத்தி வாசிப்பான்.

சங்கீதங்கள் மொத்தம் 150. அவை எல்லாம் துதிப்பாட்டு என்றுதான் அவன் நினைத்திருந்தான். பாதிக்கு மேல் தாண்டி 88-ஆம் சங்கீதம் வந்தது. முழுவதும் துக்கம், இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அன்றைக்கு அவனே மலேசியாவுக்கு போன் போட்டான்.

"தாத்தா, இதுல கடைசி வரைக்கும் நல்லதே வரலையே. இதை எப்படி வேதத்துல சேர்த்தாங்க?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அத்தை செத்த அன்னிக்கு ராத்திரி நான் அதைத்தான்டா வாசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

"நீங்களுமா?"

"நானும்தான். உன் பாட்டியும்தான்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை அவன் தான் ஒருத்தன்தான் கடவுளோடு சண்டை போடுகிறான், பெரியவர்கள் எல்லாருக்கும் சமாதானம் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அப்படி எண்ண வைத்தது நான்தானே!

அப்புறம் அப்பா ஞானோபதேசத்தைப் பற்றிச் சொன்னார். வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே 1529-ல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சின்னப் புத்தகம் அது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் அர்த்தம் என்ன என்று கேள்வி வரும். "கேள்வி கேட்கிறது தப்பில்லைடா, நம்ம சபையில பாடமே கேள்வியில்தான் நடக்குது" என்றார்.

பாட்டியம்மா 112-ஆம் சங்கீதம் வரைக்கும் கேட்டார். அதற்குள் காலமாகிவிட்டார். மகன் அன்று சாப்பிடவில்லை. நான் "கடவுள் சித்தம்" என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அத்தைக்காகக் குழாயடியில் அழுத கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். மறுநாள் கொல்லைப்பக்கத்திலிருந்து 113-ஆம் சங்கீதம் கேட்டது. பார்வை மங்கின பெரியவர்கள் அந்தச் சபையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம்.

அவன் திருந்திவிட்டான் என்று நான் எழுதப் போவதில்லை. திடப்படுத்தல் வகுப்பில் இன்னும் சேரவில்லை. "நம்பிக்கை வந்துடுச்சான்னு மட்டும் கேட்காதீங்கம்மா. வாசிக்கிறேன், அவ்வளவுதான்" என்கிறான். நானும் கேட்பதில்லை. அப்பா அம்மா அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள். தாத்தாவிடம் கேட்பதற்கென்று ஒரு நோட்டில் வரிசையாகக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறான். இருபத்திரண்டு இருக்கின்றன. எண்ணினேன், படிக்கவில்லை.

இளம் தாய்மார்களே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தாத்தா பாட்டியைப் பிள்ளைகளை மிரட்டும் பூச்சாண்டி ஆக்காதீர்கள். தூரத்தில் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் பேச வையுங்கள். பேச்சு எதைப் பற்றியும் இருக்கட்டும். பிள்ளைக்குப் போதனை கொடுப்பதைவிட, பிறருக்கு உபயோகமாக ஒரு வேலை கொடுங்கள். உங்கள் துக்கத்தையும் கொஞ்சம் அவர்கள் பார்க்கட்டும். வேதத்தில் தீமோத்தேயு என்ற வாலிபனுக்கு எழுதும்போது, பவுல் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு தாய் இருக்கிறாள், பார்த்தீர்களா? அதை நான் மறந்துபோயிருந்தேன்.

அம்மா சொன்ன பழமொழியில் எனக்கு இப்போதும் ஒரு சின்னத் தகராறு உண்டு. தன் பிள்ளை தானே வளராது. ஊரார் பிள்ளைக்கு ஊட்டும்போது நம் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையிலும் ஒரு கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும். அம்மா வந்ததும் சொல்லப் போகிறேன். விமான நிலையத்தில் பேசாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

அடுத்த இதழில் மறுபடி அடுப்படிக்கே போய்விடலாம். சரிதானே?