எந்த வேலைக்கு எந்த மண்வெட்டி?

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாஸனங்களைப் புகழாத மேடை இல்லை. ஆனால் ஓலை எடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. அவர்களுள் ஆறு பேர் ஏரி வாரியத்தார். ஊர் ஏரியைக் காப்பது அவர்கள் கடமை. அதற்கு முன்பே, பல்லவர் காலத்தில், வைரமேக தடாகம் என்னும் அவ்வேரியைத் தூர் வாருவதற்கென்று பொன் கொடுத்தவர்கள் உண்டு. ஆகவே நம் முன்னோரின் ஜனநாயகம் ஓலையில் தொடங்கி மண்வெட்டியில் முடிந்தது எனலாம். ஓலையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்; இவ்வாரம் மண்வெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

"மண்வெட்டியில் தேர்ந்தெடுப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். பாக்குவெட்டியால் விறகு பிளப்பவர் எவருமில்லை. மண் வேலைக்கும் அதே நியாயந்தான்.

நமது மண்வெட்டி தன்னை நோக்கி இழுக்கும் கருவி. வெட்டிய மண் காலடிக்கு வந்து சேரும். வரப்புக் கட்டவும், மடை திருப்பவும், பாத்தி பிடிக்கவும் அதற்கு ஈடில்லை. இங்கிலாந்தின் தோட்டக்காரன் கையாளும் 'ஸ்பேட்' காலால் மிதித்து இறக்குவது. பூட்ஸ் அணிந்தவனுக்கு அது சரி. வெறுங்காலுடன் சேற்றில் நிற்கும் நம் உழவனுக்கு உதவாது. குவிந்து கிடக்கும் மணலையும் ஜல்லியையும் வண்டியில் ஏற்றச் சவலே தக்கது. அதைக் கொண்டு கட்டாந்தரையைத் தோண்டப் புகுந்தால் தகடும் வளையும், இடுப்பும் வளையும்.

மண்வெட்டியிலும் பேதம் உண்டு. ஈர வயலுக்கு அகன்ற இலை. இறுகிய மண்ணுக்குக் குறுகிய, கனத்த இலை. கோடையில் காய்ந்த ஏரி மண்ணை முதலில் கடப்பாரையால் நெகிழ்த்த வேண்டும். காம்பு கருவேல மரமாயிருப்பது நலம். கணு இல்லாமல், பூணில் ஆடாமல் இருக்கவேண்டும். ஆளின் உயரத்துக்குக் காம்பு குட்டையானால் முதுகு அன்றைக்கே வழக்குத் தொடுத்துவிடும்.

அமெரிக்காவில் பெத்லகேம் எஃகுத் தொழிற்சாலையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரடெரிக் டெய்லர் என்பவர் இதை ஆராய்ந்தார். அங்கே தொழிலாளிகள் தத்தம் சொந்தச் சவலையே கொண்டு வந்தனர். ஒரே சவலில் பொடிக் கரியை அள்ளினால் சுமார் மூன்றரை ராத்தல். இரும்புத் தாதுவை அள்ளினால் 38 ராத்தல். ஒரு முறைக்கு ஏறக்குறைய 21 ராத்தல் அள்ளுபவனே நாள் முழுவதிலும் அதிக வேலை செய்கிறான் என்று அவர் கண்டார். உடனே கனத்த பொருளுக்குச் சிறிய சவலும், இலேசான பொருளுக்குப் பெரிய சவலும் வைக்க ஏற்பாடாயிற்று. அவர் முதலாளியின் லாபத்தை எண்ணிச் செய்தார். நாம் உழைப்பவரின் உடம்பை எண்ணிச் செய்யலாமே!

2005-ஆம் ஆண்டில் கிராம வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்ட பின், தமிழ்நாட்டு ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், முதியவர்களும் பலர். தோண்டிய மண்ணை அளந்து கூலி தரும் வேலையில், பொருந்தாத கருவி பிடித்தவர் குறைவாகவே தோண்டுவார், குறைவாகவே பெறுவார். கருவியின் குற்றம் ஆளின் குற்றமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல அளவு மண்வெட்டிகளும், சவலும், கடப்பாரையும் பொதுவில் வைத்து, கொல்லரைக் கொண்டு அவ்வப்போது கூர் தீட்டச் செய்தால், அதுவே ஏரி வாரியத்தாருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.

நம் வீட்டிலும் இதற்கு இடமுண்டு. தென்னைக்குப் பாத்தி பிடிக்க ஆளை அழைத்து, துருவேறிக் காம்பு ஆடும் மண்வெட்டியை நீட்டுகிறோம். பிறகு வேலை ஓடவில்லை என்று முணுமுணுக்கிறோம். அடுத்த முறை, "இந்த மண்வெட்டி உமக்குச் சரிப்படுமா, ஐயா?" என்று முதலில் கேட்போமாக.