கூனும் கடவுளும்: ஒகோட் பிபிடெக்கின் வழக்கு

ஆப்பிரிக்க இலக்கியம் என்றதும் நம்மிடையே வழங்கும் பெயர்கள் ஆச்சிபி, கூகி வா தியாங்கோ. இவ்வரிசையில் உகாண்டாவின் ஒகோட் பிபிடெக்கைச் சேர்ப்பவர்களும் அவரை 'லாவினோவின் பாடல்' எழுதிய கவிஞராக மட்டுமே நினைவுகூர்கிறார்கள். அவருள் இருந்த ஆய்வாளரை அறியாமல் அந்தக் கவிஞரையும் முழுதாக அறிய முடியாது என்பது நம் எண்ணம்.

1931இல் குலுவில் பிறந்த ஒகோட், 1956இல் உகாண்டா கால்பந்து அணியோடு பிரிட்டன் சென்றவர். படிப்பதற்காக அங்கேயே தங்கிவிட்டார். கல்வியியல், சட்டம், பின்பு ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மானுடவியல். அங்கே முதல் விரிவுரையிலேயே ஆசிரியர் ஆப்பிரிக்கரைக் காட்டுமிராண்டிகள் என்று குறிப்பிட்டுக்கொண்டே போக, எழுந்து எதிர்த்தார். பலனில்லை. மத்திய லுவோ மக்களின் சமயம் குறித்த அவரது முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்பல்கலைக்கழகம் பின்னாளில் ஏற்க மறுத்தது. அது 1971இல் நூலாக வெளிவந்தது.

மேற்கத்தியப் புலமை ஆப்பிரிக்கச் சமயங்களை அணுகிய விதம் பற்றிய அவருடைய இன்னொரு நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1911இல் இத்தாலியப் பாதிரிமார் அச்சோலி முதியோரிடம் 'உங்களைப் படைத்தவர் யார்?' என்று வினவினர். படைத்தல் என்ற கருத்துக்கு அம்மொழியில் தனிச்சொல் கிடையாது. 'உங்களைப் பிசைந்து உருவாக்கியது யார்?' என்றே கேள்வி போய்ச் சேர்ந்தது. முதியோர் திகைத்தனர். மனிதர் தாய்வயிற்றில் அல்லவா பிறக்கின்றனர்? பாதிரிமாரோ விடுவதாக இல்லை. கடைசியில் ஒருவருக்கு நினைவு வந்தது: காசநோய் முதுகெலும்பைத் தாக்கும்போது நேராயிருந்த உடல் பிசையப்பட்டதுபோல் கூனிவிடுகிறது, அதைச் செய்யும் ஆவி ருபாங்கா. அந்தப் பெயரே கிறித்தவக் கடவுளுக்குச் சூட்டப்பட்டது.

பாதிரிமாரைவிட, தம் மக்களின் தெய்வங்களும் எல்லாம் அறிந்தவை, எல்லாம் வல்லவை என்று நிறுவ முயன்ற கென்யாட்டா, செங்கோர், இம்பிட்டி போன்ற ஆப்பிரிக்க அறிஞர்கள் மீதே ஒகோட்டுக்குக் கோபம் அதிகம். பிறர் மதிப்பதற்காக நம் தெய்வத்துக்கு அவர்களுடைய ஆடையை உடுத்துவது மரியாதை ஆகுமா என்பது அவர் வழக்கு. இதில் நாம் அவர் பக்கமே.

ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறோம். அச்சோலிக் கிறித்தவர்கள் தலைமுறைகளாக அப்பெயரைச் சொல்லி அழுதும் தொழுதும் வந்திருக்கிறார்கள். தவறாகப் பிறந்த சொல்லும் வழக்கில் தனக்கென ஒரு பொருளைத் தேடிக்கொள்கிறது. ஒகோட் இதைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

கம்பாலாவில் தேசியப் பண்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்தபோது ஆட்சியாளரை விமர்சித்துப் பதவி இழந்தார். கென்யாவில் நெடுங்காலம் ஆசிரியப் பணி. 1982இல் மகரேரே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய அதே ஆண்டில், 51 வயதில் மறைந்தார். அவர் அச்சோலியில் இயற்றிய 'லாவினோ' ஆங்கிலத்தில் 1966இல் வந்தது; மூலம் அச்சேற 1969 ஆயிற்று.

அந்த ஆங்கில வடிவத்தைத்தான் நாமும் முதலில் படித்தோம். லாவினோ கடவுளைக் 'கூனன்' என்று குறிப்பிடும் இடத்தை, படிப்பறியாத பெண்ணின் குறும்பு என்று எண்ணிக் கடந்துபோனோம். அவளோ தன் மொழியில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருளையே சொல்லிக்கொண்டிருந்தாள்.